மூன்று மணி முதல் மூன்றரை வரை

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன்னை நலமா என்று கேட்டால் "எனக்கென்ன கேடு" என்று எழுதுவாய். அதனால் முதுகு வலியை மட்டும் விசாரிக்கிறேன். உன் வீட்டுக்காரருக்குக் காலாவது அசைகிறதா?

ஃபோனில் பேசாமல் ஏன் கடிதம் எழுதுகிறாய் என்று கேட்டிருந்தாய். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் எட்டு மணி நேரம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, "எங்க இருக்கீங்க, மூச்சு இருக்கா, கதவைத் திறந்து வைங்க" என்று கேட்டுவிட்டு வருகிறவனுக்கு, வீட்டில் ஃபோன் அடித்தால் குலை நடுங்குகிறது. நீதான் என்று தெரிந்தும் நடுங்குகிறது. கடிதத்தில் யாரும் அலறுவதில்லை.

எங்கள் எல்லோரையும் ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்கள். அந்த அம்மா நீட்டிய படிவத்தில் "பொழுதுபோக்கு" என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். "ஒண்ணுமே இல்லையா?" என்றார். "சும்மா சுவரைப் பார்த்துக்கிட்டு இருப்பேன், அதை எழுதலாமா?" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மனசுக்குப் பிடித்த வேலை ஒன்றைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் ஆறே மாதத்தில் படுத்துவிடுவேன் என்றார்.

உடனே உன் நினைவுதான் வந்தது. என் நோட்டுகளின் பின்னட்டையில் எல்லாம் நீ படம் போடுவாய், வாத்தியாரிடம் அடி வாங்குவது நான். வாட்டர்கலர் பெட்டி ஒன்று பார்சலில் வருகிறது. நீ வரை. நானும் ஏதாவது செய்கிறேன். ஒருவரை ஒருவர் விரட்டிக்கொள்வோம்.

நாலு நாள் வந்து இருந்துவிட்டுப் போ என்று எழுதியிருந்தாய். அது மட்டும் முடியாது. காரணம் உனக்குத் தெரியும்.

மருந்தை வேளைக்குச் சாப்பிடு.

உன் தம்பி

*

மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இருவரும் இருக்கிறோம். நலம் என்பது பெரிய வார்த்தை, "இருக்கிறோம்" போதும். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

பெட்டி வந்தது. பதினெட்டு நிறம். அலமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். காலையில் அவரைத் திருப்பி, துடைத்து, நாற்காலியில் உட்கார வைப்பதற்குள் ஒன்பதரை. ஊட்டி முடிக்கப் பத்தரை. அப்புறம் துணி, மருந்து, பயிற்சி. வாதம் வந்த அந்த வலது கையை நான்தான் முப்பது தரம் தூக்கி இறக்க வேண்டும். தையல் கடையில் கட்டிங் மாஸ்டராக இருபத்தெட்டு வருஷம் கத்தரிக்கோல் பிடித்த கை, இப்போது ஈரத் துணி மாதிரி கனக்கிறது. பேச்சு, நாளுக்கு நாலு சொல் வந்தால் அதிகம். என் பள்ளிக்கூட ஆபீஸ் வேலையை விட்டாகிவிட்டது. மகள் கைக்குழந்தையோடு அல்லாடுகிறாள், அவளைக் கூப்பிட மனசு வரவில்லை. இதில் எங்கே உட்கார்ந்து படம் வரைய?

காரணம் தெரியும்தான். அப்பா போன அன்று நீ டியூட்டியை விட்டு வர முடியாமல் மறுநாள் வந்து நின்றாய். இவர் அத்தனை பேர் முன்னால், "ஊரார் உயிரையெல்லாம் காப்பாத்திட்டு இப்பதான் வர்றியா?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. நானும் அப்போது வாயைத் திறக்கவில்லை, அது என் தப்பு. ஆறு வருஷம் ஆகிறது தம்பி. அதைக் கேட்ட வாயில் இப்போது சொல்லே இல்லை.

வற்புறுத்தவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஏப்ரல் 1

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன். உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். கடைசிப் பகுதிக்குப் பதில் எழுதப்போவதில்லை.

நான் மீன் வாங்கிவிட்டேன். ஒரு கண்ணாடித் தொட்டி, ஐந்து மீன். வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, ஒரு சத்தமும் வருவதில்லை. எனக்கு இதைவிடப் பொருத்தமான துணை உலகத்தில் கிடையாது.

நீ மட்டும் ஏமாற்றப் பார்க்காதே. நாள் முழுக்கப் பிணம் விழுகிற எங்கள் அறையிலேயே அரை மணி இடைவேளை உண்டு. உனக்கும் வேண்டும். மூன்று மணியிலிருந்து மூன்றரை வரை. அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு உட்கார். அதற்குள் ஒன்றும் முழுகிப் போகாது. முதல் படம் எனக்கு வர வேண்டும்.

முதுகுக்கு வெந்நீர் ஒற்றடம் கொடு.

உன் தம்பி

*

ஏப்ரல் 22

அன்புள்ள தம்பிக்கு,

உன் மீன்கள் நலமா? நீ அவற்றைவிட நலமாக இருக்க வேண்டும்.

இத்துடன் ஒரு படம். எங்கள் வீட்டு ஜன்னல், அதன் கீழே ஸ்டூல், ஸ்டூல் மேல் மருந்துப் பாட்டில். நீ சொன்னபடிதான் நடக்கிறது. மூன்று மணிக்குப் பெட்டி திறக்கிறது, மூன்றரைக்கு மூடுகிறது. உண்மையைச் சொல்கிறேன், அந்த அரை மணி நேரம் இல்லாவிட்டால் நான் என்றைக்கோ யார் மேலாவது பாத்திரத்தை எறிந்திருப்பேன். உனக்கு ரொம்பக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதுகு பரவாயில்லை. வெயிலில் அலையாதே.

அக்கா

*

மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தில் "பரவாயில்லை" என்று முதல்முறையாகப் பார்த்ததே எனக்குப் பாதி ஆரோக்கியம்.

படத்தை என் மேசையில், திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். சிரிக்காதே. ஒரு அழைப்பு முடிந்து அடுத்தது வருவதற்குள் சில நொடிதான் கிடைக்கும். அந்த நேரம் முழுவதும் உன் ஸ்டூலைத்தான் பார்க்கிறேன். அது ஒன்றும் கேட்பதில்லை, சும்மா இருக்கிறது. பக்கத்து மேசைக்காரி, "யார் வரைஞ்சது, இவ்வளவு அமைதியா இருக்கு?" என்றாள். எங்க அக்கா என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டேன்.

ஆனால் உன் கை மாறிவிட்டது. முன்பெல்லாம் பூவும் பறவையுமாகப் போடுவாய். இதில் எல்லாம் தட்டையாக, பிரித்து விரித்து வைத்தது போல இருக்கிறது, ஸ்டூலின் நாலு காலும் முழுதாகத் தெரிகிறது. அப்புறம் ஒவ்வொரு பொருளைச் சுற்றியும் கொஞ்சம் தள்ளி, புள்ளி புள்ளியாக இன்னொரு கோடு. அது எதற்கு? எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்திருக்கிறது.

மீன்களால் நிம்மதி போய்விட்டது. ஒன்று மூலையிலேயே நிற்கிறது. டியூட்டியிலும் அதே நினைப்பு. பாரத்தை இறக்கி வைக்கப் போய் இன்னொரு பாரத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

நிறையப் படம் அனுப்பு. கண்ணுக்கு ஓய்வு கொடு.

உன் தம்பி

*

ஜூன் 11

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாயிரு. பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. குளியலறையில் அவரைத் தூக்கும்போது கால் வழுக்கி இருவருமாக உட்கார்ந்துவிட்டோம். எலும்பு முறியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து தூக்கிவிடும்வரை, முக்கால் மணி நேரம் தரையிலேயே இருந்தோம். வேறொன்றும் இல்லை.

ஆறு படம் அனுப்பியிருக்கிறேன். செருப்பு, குடை, குழாய், எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, இப்படித்தான். அந்தப் புள்ளிக் கோடு அப்படித்தான் வருகிறது, எனக்கு விளக்கத் தெரியவில்லை.

மீன் செத்தால் உன் மேல் தப்பு என்று நினைக்காதே.

அக்கா

*

ஜூலை 19

அக்காவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன்.

உடம்பு இளைத்துவிட்டதால் யூனிஃபார்ம் பேன்ட்டை இடுப்பில் பிடித்துத் தைக்கக் கொடுக்கவும், புதுச் சட்டை ஒன்று தைக்கவும் ஆபீஸுக்கு எதிரே உள்ள தையல்காரரிடம் போனேன். சட்டைத் துணியை விரித்து சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். அப்புறம் அதைச் சுற்றி, அரை அங்குலம் தள்ளி, புள்ளி புள்ளியாக இன்னொரு கோடு.

"இது எதுக்கு?" என்றேன்.

"தையலுக்கு விடணும் சார். அளவா வெட்டினா உடம்புல ஏறாது."

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். குடைக்கு அரை அங்குலம், செருப்புக்கு அரை அங்குலம், தண்ணீர்த் தொட்டிக்குக்கூட அரை அங்குலம் துணி விடுகிற ஆள் உன் வீட்டில் ஒருவர்தான் இருக்கிறார்.

மூன்று மாதமாக அந்த மனுஷனின் படத்தைப் பார்த்துத்தான் நான் மூச்சு விட்டிருக்கிறேன். எங்க அக்கா வரைஞ்சது என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். நீ பொய் சொல்லுவாய் என்று நான் நினைக்கவில்லை. ஏழு படத்தையும் எடுத்துவிட்டேன். இனி அனுப்ப வேண்டாம்.

தம்பி

*

ஆகஸ்ட் 1

அன்புள்ள தம்பிக்கு,

கோபத்தில் சாப்பிடாமல் இருந்துவிடாதே.

பொய் சொன்னேன் என்கிறாய். என் கடிதங்களை எடுத்துப் பார். நான் வரைந்தேன் என்று ஒரு வரி இருக்கிறதா? பெட்டி திறக்கிறது, மூடுகிறது என்றுதான் எழுதினேன். சரி, அது பொய்யைவிட மோசம்தான்.

முதல் நாள் நிஜமாகவே வரைய உட்கார்ந்தேன். பிரஷ்ஷை நனைத்தது ஞாபகம் இருக்கிறது. அப்படியே மேசையில் சாய்ந்து தூங்கிப்போனேன். விழித்துப் பார்த்தால் அவர் இடது கையால் தாளை இழுத்து ஸ்டூலை வரைந்து வைத்திருந்தார். அன்றிலிருந்து மூன்று மணிக்கு அவர் மடியில் பலகையை வைத்துவிட்டு, நான் பக்கத்து அறையில் தரையில் விழுந்துவிடுவேன். என் பொழுதுபோக்கு தூக்கம். அதைப் படிவத்தில் எழுதலாமா என்று உன் ஆலோசகர் அம்மாவைக் கேள்.

யார் வரைந்தது என்று சொன்னால் நீ கிழித்துப் போடுவாய் என்று பயந்தேன். அதைவிட, எனக்கென்று நீ வாங்கிக் கொடுத்த நேரத்தில் நான் பிணம் போலக் கிடக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. எனக்குப் பூவும் வரவில்லை, பறவையும் வரவில்லை. களைப்பாக இருக்கிறது தம்பி. ரொம்பக் களைப்பாக இருக்கிறது. எழுதிவிட்டேன், இனி அடித்துத் திருத்தப்போவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஆகஸ்ட் 30

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஒரு வரியாவது எழுது.

படங்கள் உனக்குத்தான் போகின்றன என்று அவருக்கு முதலிலிருந்தே தெரியும். கவரை அவர்தான் இடது கையால் அழுத்தி ஒட்டுவார். இப்போது தபால்காரர் வரும் நேரம் வாசலையே பார்க்கிறார். நீ வேண்டாம் என்றது அவருக்குத் தெரியாது.

அக்கா

*

செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு வாரம் உன்னைக் காக்க வைத்ததற்கு மன்னித்துவிடு. முதுகு எப்படி?

போன செவ்வாய்க்கிழமை ஒரு அம்மா அழைத்தார். படுத்த படுக்கையாக இருக்கும் கணவர் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். நெற்றியில் ரத்தம். நான் முகவரி கேட்கிறேன், அவர் முகவரி சொல்லவில்லை. "பத்து நிமிஷம்தாங்க தூங்கினேன், பத்தே நிமிஷம்தான், கண்ணு சொக்கிடுச்சு" என்று திரும்பத் திரும்ப என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். யாரென்றே தெரியாத என்னிடம். ஒரு வழியாக வண்டியை அனுப்பினேன். கணவருக்கு இரண்டு தையலோடு போயிற்று. எனக்குத்தான் ஹெட்ஃபோனைக் கழற்றிய பிறகும் அந்தக் குரல் நிற்கவில்லை. பத்து வருஷத்தில் முதல்முறையாக எழுந்து வெளியே போய் அழுதேன்.

இருபது நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். இருபத்தெட்டாம் தேதி அங்கே வருகிறேன். அவருக்காக வரவில்லை, உனக்காக வருகிறேன், அதில் குழப்பம் வேண்டாம். நீ என் அறைக்குப் போய்விடு. சாவி பக்கத்து வீட்டில். தெரு சத்தமில்லாத தெரு. மிச்சமிருக்கும் இரண்டு மீனுக்கு ஒரு சிட்டிகை தீனி, அவ்வளவுதான் உன் வேலை. மருந்து, பயிற்சி, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வை. வழிமுறையைப் பார்த்துச் செய்வதுதானே என் தொழில்.

உன் தம்பி

*

அக்டோபர் 4

அன்புள்ள தம்பிக்கு,

வந்து சேர்ந்தேன். அவர் எப்படி இருக்கிறார்? நீ எப்படிச் சமாளிக்கிறாய்? தூக்கும்போது இடுப்பை வளைக்காதே, முழங்காலை மடக்கு.

முதல் மூன்று நாள் தூங்கினேன், வேறொன்றும் செய்யவில்லை. நாலாம் நாள் தெருமுனை வரை நடந்தேன். ஒரு டீயை சூடு ஆறுவதற்குள் குடித்தேன். கடைக்காரர் இன்னொன்று வேண்டுமா என்றார், எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியாது. எனக்குத் திரும்பி வர மனசில்லை. அவர் மேல் வெறுப்பு இல்லை. ஆனால் அந்த வாசலில் கால் வைத்தால் மறுபடி காலை ஒன்பதரை, பத்தரை என்று ஆரம்பித்துவிடும். இப்படி எழுதுகிறவளை என்னவென்று சொல்வது?

மீன்கள் இருக்கின்றன.

அக்கா

*

அக்டோபர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் நலம். நான் அரை நலம், இடுப்பு போய்விட்டது. இத்தனை நாள் இதை ஒற்றை ஆளாக எப்படிச் செய்தாய்?

உன்னை என்னவென்றும் சொல்லவில்லை. உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். இங்கே நடந்ததைச் சொல்கிறேன், அப்புறம் நீயே முடிவு செய்.

முதல் இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவரால் முடியாது, என்னால் ஆகாது. மூன்றாம் நாள், தாளில் நீ எழுதியபடி, மூன்று மணிக்குப் பலகையை மடியில் வைத்து நானும் எதிரே உட்கார்ந்தேன். டார்ச் லைட் ஒன்றை வரைந்தார். பத்தே நிமிடம், படம் முடிந்துவிட்டது. ஆனால் கை நிற்கவில்லை. பிரஷ்ஷை வெறும் தண்ணீரில் முக்கி, போட்ட கோட்டின் மேலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். நிறமே இல்லை, அக்கா. பத்து நிமிடம், இருபது நிமிடம். உடம்பை அப்படி இப்படி நெளிக்கிறார், உதட்டைக் கடிக்கிறார். பாத்ரூம் போக வேண்டும் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"படம் முடிஞ்சுதா?" என்றேன்.

தலையை ஆட்டினார்.

"பாத்ரூம் போகணுமா?"

மறுபடி ஆட்டினார்.

"அப்ப ஏன் என்னைக் கூப்பிடாம பிரஷ்ஷை ஓட்டிக்கிட்டு இருக்கீங்க?"

பக்கத்து அறைக் கதவை முகவாயால் காட்டினார். நீ படுக்கிற இடம். நான் அவசரப்படவில்லை. உடைந்த பேச்சுக்குக் காத்திருப்பது எனக்குப் பழக்கம். ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"நிறுத்தினா... எழுந்திடுவா."

நீ ஊரில் இல்லை என்று அவருக்குத் தெரியும். நீ பையோடு கிளம்பிப் போனதை அவரும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இருந்தாலும் கைக்குப் பழகிவிட்டிருக்கிறது. பிரஷ் தண்ணீர்க் கிண்ணத்தில் படும் சத்தம் கேட்கும்வரை நீ தூங்குவாயாம், நின்றால் விழித்துவிடுவாயாம். அதனால் மூன்றரை அடிக்கும்வரை நிறுத்துவதில்லையாம். இவ்வளவையும் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று, நடுவில் பாத்ரூம் உட்பட.

அப்பா சாவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இனிமேல் மாதம் நாலு நாள் நான் வருவேன். அவரிடம் சொல்லிவிட்டேன். நீ எப்போது திரும்பி வருகிறாய் என்று நாங்கள் இருவருமே கேட்கப்போவதில்லை.

நன்றாகத் தூங்கு.

உன் தம்பி

*

அக்டோபர் 13

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் சுகமாக இருங்கள்.

உன் கடிதத்தைப் படித்ததும் பையில் துணியை அடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். வரிசையில் நின்றேன். அப்புறம் திரும்பி வந்து படுத்துவிட்டேன். அவர் அவ்வளவு சிரமப்பட்டு எனக்குக் கொடுத்தது தூக்கம். அதைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தால் யாருக்கு என்ன லாபம்? வெள்ளிக்கிழமை வருகிறேன். அதுவரை தூங்கப்போகிறேன். இப்போது வர மனசு இருக்கிறது, பயமும் இருக்கிறது. இரண்டும் இருக்கட்டும்.

ஜூன் மாதம் ஒருநாள் மூன்றரைக்கு எழுந்து போனேன். நாற்காலி, தரை எல்லாம் நனைந்திருந்தது. காலையில்தான் விரிப்பெல்லாம் துவைத்துப் போட்டிருந்தேன். "நான் என்ன செத்தா போயிட்டேன், ஒரு சத்தம் போடக் கூடாதா?" என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று வரைந்தது உனக்கு வந்த குடை.

எனக்காக அவரிடம் ஒன்று சொல். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காதே, இப்போதே பக்கத்தில் உட்கார்ந்து சொல். இனி சிறுநீர் முட்டினால் சத்தம் போடச் சொல். நான் எழுந்து வந்து பார்த்துவிட்டு, மறுபடி போய்ப் படுத்துக்கொள்வேன்.

உன் அக்கா